மாடல் பன்னிரண்டு

கள்ளக்குறிச்சி
6.1.2025

தம்பி தீனதயாளனுக்கு,

அண்ணி கலையரசி எழுதுவது. பதினான்கு மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில், நீங்கள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். "மலையில டவர் கெடைக்காதும்மா. லெட்டர் போடுங்க, அது வந்துடும்" என்றார். அதனால் எழுதுகிறேன். நலம் விசாரித்து எழுதவில்லை. வேலையாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் போன பிறகு பிளக்ஸ் கடையின் ஷட்டரை நான் தூக்கவே இல்லை. வரும் தை மாதம் திறக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கும் வேறு வழியில்லை. டிசைன் செய்ய சிவசங்கர் என்று ஒருவரை வைத்தேன். அவர் இரண்டு நாள்தான் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் பேனர் டிசைன் செய்யும் அந்த சாப்ட்வேர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. முதலில் அதன் படம் வருகிறது. படத்துக்குக் கீழே ஏதேதோ எழுத்து ஓடி, கடைசியில் Reading preferences என்ற இடத்தில் நிற்கிறது. அப்புறம் எல்லாமே மறைந்துவிடுகிறது. நான் எண்ணியே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏழு விநாடி.

இரண்டாம் நாள் சிவசங்கர் எழுந்துவிட்டார். "அக்கா, இது சிஸ்டம் கோளாறு இல்ல. அண்ணன் அந்த சீட்டுல வேற யாரையும் ஒக்கார வுட மாட்டேங்குறாரு" என்றார். டீயைப் பாதி குடித்தபடி போனவர்தான். மெக்கானிக் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவருமே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். நான் தொடவே விடவில்லை.

உங்களிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காரியத்துக்கு வந்தவர் ஒரு வாய் சாப்பிடாமல் போனீர்கள். முதல் ஆண்டு நினைவு நாளுக்கும் வரவில்லை. நீங்கள் ஆசைப்பட்ட அபிநயா விஷயத்தில் உங்கள் அண்ணன் செய்தது தப்புதான். நீங்கள் பேசும் முன்பு தியாகதுருகத்துக்குப் போய் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் அவர் பேசியிருக்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் போனார். அந்த மனிதர் பத்தே நாளில் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பார் என்று யார் கண்டார்கள்? ஆனால் செத்துப்போனவரிடம் எத்தனை வருஷம் கோபித்துக்கொண்டு இருப்பீர்கள்?

வழி தெரிந்தால் எழுதுங்கள்.

கலையரசி


கல்வராயன் மலை
11.1.2025

அண்ணிக்கு,

கடிதம் வந்தது.

கம்ப்யூட்டரில் ஆவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சாப்ட்வேரும் தன்னை வைத்து வேலை செய்பவரின் பழக்கங்களை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் பெட்டி திரையில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அளவு அடியிலா அங்குலத்திலா, கடைசியாகத் திறந்த பத்து டிசைன்கள் எவை, இதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைப் படித்துவிட்டுத்தான் எழும். அந்தக் கோப்பு கெட்டுவிட்டால் எழ முடியாது. உங்களிடம் நடப்பது அதுதான். அண்ணன் செய்த டிசைன்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. கெட்ட கோப்பை அழித்துவிட்டால் சாப்ட்வேர் தானாகவே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

மவுஸ் வைத்துத் தேடினால் அந்தக் கோப்பு கண்ணில் படாது. கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட பட்டனையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் cmd என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்புத் திரை வரும். அதில் கீழே உள்ளவற்றை ஒவ்வொரு வரியாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் என்டர் தட்டுங்கள். இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் நீங்களும் விட வேண்டும்.

cd %appdata%\studio
dir
del prefs.dat

இரண்டாவது வரி நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்களா என்று பார்க்க. வரும் பட்டியலில் prefs.dat என்ற பெயர் இருந்தால் போதும், மூன்றாவதை அடித்துவிடலாம். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைக் கவனிக்க வேண்டாம். அவை தேவையில்லாதவை.

இங்கே பனி ஜாஸ்தி. பொங்கலுக்கு வர முடியாது.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
17.1.2025

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தேன். முதல் வரிக்கே நான்கு முறை திட்டு வாங்கினேன். கோடு சாய வேண்டிய பக்கம் தெரியாமல் மாற்றிச் சாய்த்து அடித்திருக்கிறேன். ஐந்தாவது முறைதான் வழி விட்டது. இரண்டாவது வரிக்குப் பட்டியல் வந்தது.

மூன்றாவது வரியை நான் அடிக்கவில்லை.

கவனிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படி எழுதியதால்தான் கவனித்தேன். வந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

09-11-2023  15:42      0 prefs.dat

முதலில் இருப்பது தேதி, அடுத்தது நேரம் என்று எனக்கே புரிகிறது. அந்தப் பூஜ்யம் என்ன? அதைவிட, அந்தத் தேதி என்ன? உங்கள் அண்ணன் உளுந்தூர்பேட்டை ரோட்டில், நின்றிருந்த லாரியில் மோதிப் போனது ஆறாம் தேதி சாயங்காலம். அவர் வேலை செய்த அறையைப் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை திறக்கக் கூடாது என்று உங்கள் அம்மாதான் பூட்டச் சொன்னார். வாசலில் விளக்கு மட்டும் வைத்தோம். பூட்டிய அறையில், அவர் போன நாலாம் நாள், மதியம் மூன்றே முக்காலுக்கு அந்தக் கோப்பில் யார் எழுதினார்கள்?

கலையரசி


கல்வராயன் மலை
22.1.2025

அண்ணிக்கு,

பூஜ்யம் என்றால் கோப்புக்குள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பெயர் இருக்கிறது, உள்ளே வெறுமை. அதனால்தான் படிக்க முடியாமல் சாப்ட்வேர் விழுகிறது.

தேதியை நம்ப வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது பலவீனமானால் தேதி முன்னே பின்னே ஓடும்.

அழித்துவிடுங்கள்.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
27.1.2025

தம்பிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதத்துக்காகவா ஐந்து ரூபாய் தபால்தலையை ஒட்டினீர்கள்?

கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த dir என்ற சொல்லை, அவர் டிசைன்கள் வைத்திருக்கும் இடத்திலும் அடித்துப் பார்த்தேன். ஆறாம் தேதி காலை அவர் முடித்த தீபாவளி பேனருக்கு ஆறாம் தேதி, 11:20 என்றுதான் காட்டுகிறது. அந்த நேரத்தில் நான் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு நினைவிருக்கிறது. மூன்று நாளில் கெட்டுப்போய், அதற்கப்புறம் பதினான்கு மாதம் சரியாக ஓடும் பேட்டரி உண்டா? இன்றைய தேதியையும் பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்த நாலாம் நாள் மதியம் நான் உள்ளறையில் படுத்திருந்தேன். பெண்கள் எல்லோரும் பின்கட்டில் இருந்தார்கள். கடை அறையில் நாற்காலியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பதினொரு வருஷம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? எழுந்து போய் உள்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "யாரு உள்ள?" என்றேன். சத்தம் நின்றுவிட்டது. சாவியைத் தேடி எடுத்துவந்து திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சாவி எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை, கீழே கிடந்தது. திறந்தால் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நான் பயப்படவில்லை, தம்பி. சொல்லிக்கொள்ளாமல் போன மனுஷன், சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினான்கு மாதமாக அந்த அறைக் கதவை முழுதாகச் சாத்தாமல் ஒருக்களித்துத்தான் வைத்திருக்கிறேன். இப்போது கறுப்புத் திரையிலும் அதே நாள், அதே நேரம் வந்து நிற்கிறது. இதை அழிக்கச் சொல்கிறீர்கள். எந்தக் கையால் அழிப்பேன்?

கலையரசி


கல்வராயன் மலை
3.2.2025

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உங்கள் போன கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தச் சத்தம் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் பொய் எழுத வேண்டியிருக்கிறது. பேட்டரி என்று எழுதியது பொய்.

உள்ளே இருந்தது நான்தான்.

காரிய பேனருக்கு நல்ல படம் வேண்டும் என்று மாமா கேட்டார். அண்ணனின் நல்ல படங்கள் எல்லாம் அந்த கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால் அறையைத் திறக்க விடமாட்டார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். உள்கதவைத் திறந்து சாவியைத் திரும்ப மாட்டியபோது சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது. கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே போகத் தெருப் பக்கத்துச் சின்னக் கதவு இருந்தது, அதுவும் சாத்தினால் பூட்டிக்கொள்ளும்.

சாப்ட்வேரைத் திறந்தேன். கடைசியாகத் திறந்த டிசைன்களின் பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைத் தட்டினேன்.

அது கண்ணீர் அஞ்சலி பேனர், அண்ணி. மாலை போட்ட அண்ணனின் படம். கீழே இளவரசன் என்று பெயர். தோற்றம் 3.4.1984. மறைவு 6.11.2023. அதற்கும் கீழே, "ஆழ்ந்த வருத்தத்துடன் தம்பி தீனதயாளன்" என்று ஒரே ஒரு வரி. மாமா சொல்லி வேறு யாராவது இங்கே வந்து செய்துவைத்தார்களோ என்று முதலில் நினைத்தேன். கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். ஆறாம் தேதி பிற்பகல் 1:05. அப்போது அண்ணன் உயிரோடு இருந்தார். அவர் லாரியில் மோதியது ஐந்தரை மணிக்கு.

அன்று காலை ஒன்பது மணிக்கு நான் அவருக்குப் போன் செய்தது உங்களுக்குத் தெரியாது. அபிநயாவுக்குத் தாலி கட்டிய மறுநாள் அது. "நீ செத்தாக்கூட உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் வைத்துவிட்டேன். நாலு மணி நேரத்தில் அவர் தனக்கே பேனர் செய்து, அன்றைய தேதியைப் போட்டு, வருந்துகிறவன் என்று என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நேரான ரோட்டில், வெளிச்சம் இருக்கும்போது, நிற்கிற லாரியில் மோதியிருக்கிறார்.

நீங்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று கறுப்புத் திரையைத் திறந்து அந்த டிசைனை அழித்தேன். அப்படி அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. அந்த நேரத்தில்தான் நீங்கள் "யாரு உள்ள?" என்றீர்கள். அவசரத்தில் சாப்ட்வேரை மூடினேன். மூடும்போதுதான் அது தன் பழக்கங்களை எழுதும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். துடைத்த கணத்தில் நான் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். அந்தப் பூஜ்யம் அப்படி வந்தது.

காரியத்தன்று என்னால் அந்த வீட்டில் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்கவும் முடியவில்லை. நான் கொன்றவரின் மனைவியிடம் என்ன பேசுவது?

கோப்பை அழிக்க வேண்டாம். நான் இனி எதையும் அழிக்கச் சொல்ல மாட்டேன். முன்பு எழுதிய முதல் வரியை அடித்துவிட்டு, இப்படி அடியுங்கள்:

ren prefs.dat prefs.old

பெயர் மட்டும் மாறும். கோப்பு அங்கேயே இருக்கும். சாப்ட்வேர் திறந்துகொள்ளும்.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
8.2.2025

தம்பிக்கு,

உங்கள் கடிதம் நேற்று பதினொரு மணிக்கு வந்தது. படித்துவிட்டு அந்த அறைக் கதவை முழுதாகச் சாத்தினேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டபோது, "அண்ணி, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் மிச்சமிருந்தது அந்த நாற்காலிச் சத்தம் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

அரைமணி நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு போனேன். கடை ஆல்பத்தை எடுத்தேன். அவர் போனதிலிருந்து அதை நான் தொடவே இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டும் மாடல்களை ஏ-ஃபோர் தாளில் அச்செடுத்துச் செருகி வைத்திருப்பாரே, அந்த ஆல்பம்தான். கண்ணீர் அஞ்சலிக்கு என்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் பன்னிரண்டு மாடல். பன்னிரண்டிலும் உங்கள் அண்ணன் படம்தான்.

உங்களுக்குத் தெரியாது. கடை வேலைக்கு நீங்கள் வந்ததே இல்லை. சாவு பேனருக்கு மாடல் காட்ட உயிரோடு இருக்கிற யார் படத்தையும் வைக்க முடியாது. செத்தவர் படத்தை வைத்தால் அந்தக் குடும்பம் சண்டைக்கு வரும். அதனால் தன் படத்தையே போட்டார். முதல் மாடலைப் பார்த்தபோது நான் அந்தத் தாளைப் பிடுங்கினேன். "தூ, இன்னா இது வெளக்கு வைக்கிற நேரத்துல" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு நானே கேஸ் போட்டுக்க மாட்டேன்டி. என்னைவிட்டா கம்மி ரேட்டுக்கு எவன் சாவான்?" என்றார். மறைவு என்ற இடத்தில், மாடல் செய்யும் நாளின் தேதியைத்தான் போடுவார். வருந்துவோர் வரியில் என் பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால் உங்கள் பெயரைப் போட்டார்.

பன்னிரண்டு தேதிகளையும் தனித் தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதல் மாடல் 19.8.2016. அன்று நீங்கள் பரீட்சைக்குப் பணம் கட்டத் திருச்சி போயிருந்தீர்கள். அதிலும் உங்கள் பெயர்தான். ஏழு வருஷத்தில் உங்கள் அண்ணன் இந்தக் கடையில் பதினோரு முறை செத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் வருந்தியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவது 6.11.2023. அன்று மதியம் திருநாவலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, "எல்லாம் ஒரே மாதிரி கீதே, வேற காட்டு" என்றார். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே இது செய்யப்பட்டது. நீங்கள் கம்ப்யூட்டரில் அழித்தது ஆல்பத்தில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

உங்கள் போனும் எனக்குத் தெரியும். இரண்டு கையிலும் பிளக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. வைத்த பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "தப்பு எம்மேலதான். ஒரு வாரம் போவட்டும், நானே மலைக்குப் போய் இட்டுனு வரேன்" என்றார். உளுந்தூர்பேட்டைக்குப் போனது சாவதற்கு இல்லை. துணிக்கடைக்குத் தீபாவளி பேனரைக் கொடுக்கப் போனார். ஆறு அடி பேனரைச் சுருட்டி வண்டியில் குறுக்கே கட்டியிருந்தார். நான்தான் முடிச்சுப் போட்டேன். அது கண்ணை மறைத்ததா, கைப்பிடியைத் தடுத்ததா என்று நானும் பதினான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொன்றது யார் என்று கேட்டால், இந்த வீட்டில் நீங்கள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை.

நீங்கள் எழுதியபடி பெயரை மாற்றினேன். சாப்ட்வேர் திறந்தது. எல்லாம் புதிதாக, யாரும் தொடாததுபோல இருக்கிறது. அவர் இடது பக்கம் வைத்திருந்த பெட்டிகள் வலது பக்கம் இருக்கின்றன. கடைசியாகத் திறந்தவை என்ற இடம் காலியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். நேற்று நான் ஆல்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, வெளிச்சத்துக்காக நான் பாதி தூக்கிவைத்த ஷட்டரைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அப்பா சின்னக்கண்ணு வியாழக்கிழமை தவறிவிட்டாராம். இருபத்தொன்றாம் தேதி காரியம். ஆல்பத்தை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார்கள். பன்னிரண்டாவது பக்கத்தில் நிறுத்தி, "இதே மாதிரி போட்டுக் குடுங்கக்கா" என்றார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடை திறந்து முதல் வேலை.

அந்த டிசைன் கம்ப்யூட்டரில் இல்லை. நீங்கள்தான் அழித்தீர்கள். நீங்கள்தான் வந்து செய்துதர வேண்டும்.

கலையரசி


கல்வராயன் மலை
12.2.2025

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக வருகிறேன். எட்டரைக்குள் வந்துவிடுவேன்.

நீங்கள் எழுதிய பதினோரு தேதிகளையும் நம்புகிறேன். பன்னிரண்டாவதைத் தாளில் பார்க்கும்வரை நம்புவேனா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் போட்ட முடிச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நேரில் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

மாடல் பதினொன்றைத் திறந்து, தாளில் உள்ளதைப் பார்த்துப் பன்னிரண்டை மறுபடி கட்டிவிடலாம். இரண்டு மணி நேர வேலை. அண்ணன் படத்தை எடுத்துவிட்டுப் பெரியவர் சின்னக்கண்ணு படத்தை நான் வைக்கிறேன். பெயரையும் தேதிகளையும் மாற்றுகிறேன். கடைசி வரியில் என் பெயரை எடுத்துவிட்டு, அவருடைய பிள்ளைகள் பெயரைப் போட வேண்டும். அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், அண்ணி. அங்கிருந்து என் பெயரை என் கையால் எடுக்க முடியாது.

தீனதயாளன்